தரிசுக் காட்டுல வானம்பாடிய எப்படித் தேடுறது

பறவை பாக்கணும்னா எல்லாரும் தோப்பு, ஏரிக்கரைன்னுதான் கிளம்புறாங்க, ஆனா சாம்பல்தலை வானம்பாடி வேணும்னா மரமே இல்லாத மொட்டைக் காட்டுக்குப் போங்க. மானாவாரி நிலம், அறுவடை முடிஞ்ச வயல், புழுதி உழவு ஓட்டிப் போட்ட காடு, தண்ணி வத்தின கண்மாய் உள்வாய், உப்பளத்தை ஒட்டின களர், இதெல்லாம்தான் அதோட இடம். விருதுநகர், தூத்துக்குடி பக்கம் இருந்தா உங்களுக்கு ரொம்ப ஈசி.

முதல்ல கண்ணால தேடாதீங்க, காதைத் தீட்டிட்டு நில்லுங்க. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஆண் பறவை படபடன்னு மேல ஏறும், அப்புறம் இறக்கைய மடக்கிட்டுத் தலைகீழா விழும், விழும்போதே நீளமா ஒரு விசில் அடிக்கும், தரையத் தொடப் போகுதுன்னு நினைக்கும்போது திரும்ப மேல ஏறிடும், இப்படியே நாலஞ்சு தடவை, பாத்தா நெஞ்சு நிறைஞ்சிடும். அது கடைசியா இறங்குற இடத்தை ஒரு செடியோ கல்லோ வச்சு அடையாளம் வச்சுக்கிட்டு பைனாகுலர்ல பாருங்க. நேரா நடந்து போனீங்கன்னா மண்கட்டியோட மண்கட்டியா பம்மிடும், காலடிக்கு வந்தப்புறம்தான் பறக்கும்.

குருவியவிடச் சின்னது, 12-13 செ.மீ. தான். ஆணுக்குத் தலை சாம்பல், கன்னம் வெள்ளை, கண் கோடும் வயிறும் கன்னங்கரேல்னு இருக்கும். பெண்தான் குழப்பும், அச்சு அசல் பெண் சிட்டுக்குருவி மாதிரியே இருக்கும், ஆனா வீடே இல்லாத பொட்டல்ல குட்டைக் காலோட குனிஞ்சு வளைஞ்சு ஓடுதுன்னா அது வானம்பாடிதான். கால் நீளமா வாலை ஆட்டிட்டு நடந்தா அது நெட்டைக்காலிங்கிற வேற பறவை.

இமயமலைக்குத் தெற்கே கன்னியாகுமரி வரைக்கும், பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கையோட வறண்ட சமவெளின்னு பரவியிருக்கு. மழைக்காட்டுலயும் 1000 மீட்டருக்கு மேல மலையிலயும் தேடி அலையாதீங்க. தார் பாலைவனம் போனா அங்க இதோட சொந்தக்காரன் கருந்தலை வானம்பாடிதான் அதிகம். நம்ம சாம்பல்தலை அடைமழைல காஞ்ச இடம் பாத்து நகர்ந்துடும், அதனால ஐப்பசி, கார்த்திகைல கிடைக்கலன்னு விட்டுடாதீங்க, தை பிறந்ததும் போய்ப் பாருங்க.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், வயலுக்குள்ள பைக்க விடாதீங்க. கூடு தரையிலதான், புல்லுத் தூரு ஓரமா உள்ளங்கை அளவு குழி, சுத்தி பொடிக்கல்லு அடுக்கியிருக்கும், உள்ள ரெண்டு மூணு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். தெரியாம கூட்டுக்கிட்ட போயிட்டீங்கன்னா போட்டோ எடுக்க நிக்காம வந்த வழியே திரும்பிடுங்க, மேல வெயில் கொளுத்துது, அது சீக்கிரம் வந்து உக்காரணும்.