பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: நிறுவும் முன் என்ன பார்ப்பது, எப்படி நிறுவுவது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய ப்ராசஸரும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூலையில் கிடக்கும் மடிக்கணினிகள் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், இணையம், ஆவணங்கள், மின்னஞ்சல், வீடியோ என்ற அளவுக்கு அவை தாராளமாக உழைக்கும். ஆனால் எல்லா மந்தத்துக்கும் இயங்குதளம் காரணமல்ல. அதனால் இந்த விளக்கத்தில் பாதி, நிறுவுவதற்கு முன் செய்யும் சோதனையைப் பற்றியது.

முதலில் கணினியைப் பாருங்கள்

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைக் கழற்றி மாற்றும்வரை சார்ஜரைச் செருகவே வேண்டாம்.

அடுத்து, விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தைத் திறந்து ராம் எவ்வளவு, ப்ராசஸர் எத்தனை பிட் என்று குறித்துக்கொள்ளுங்கள். "32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 ப்ராசஸர்" என்று இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். ப்ராசஸர் 64-பிட்தான், அதில் 32-பிட் விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

4 ஜிபி அல்லது அதற்கு மேல் ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் லேசான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇயை எடுங்கள். புதியவர்களுக்கு இதுதான் எங்கள் பரிந்துரை. மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸில் பழகிய இடத்திலேயே இருக்கும். 2 ஜிபியிலும் மின்ட் ஓடும். ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்ததும் திணறும். அங்கே இன்னும் லேசான லினக்ஸ் வகைகளான லூபுன்டு அல்லது ஆன்டிஎக்ஸ் நல்லது. 1 ஜிபி ராமோ 32-பிட் ப்ராசஸரோ இருந்தால் ஆன்டிஎக்ஸ்தான். மின்ட்டும் லூபுன்டுவும் 32-பிட் பதிப்பை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இனி ஹார்ட் டிஸ்க். பழைய மடிக்கணினி மந்தமாவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். சுழலும் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்பு ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க 10 முதல் 15 மில்லிநொடி எடுக்கும். சுழலும் பகுதி இல்லாத எஸ்எஸ்டிக்கு 0.1 மில்லிநொடி போதும். எந்த லினக்ஸைப் போட்டாலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 240 ஜிபி அளவில் ஒன்று மாட்டினால் போதும். ராமும் கூட்டுவதாக இருந்தால் டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ என்று பார்த்து வாங்குங்கள். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். இன்டெல் 4-ஆம் தலைமுறை மடிக்கணினிகளில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் பெரும்பாலும் திரையே வராது.

பென்டிரைவைத் தயார் செய்தல்

1. படங்கள், ஆவணங்கள், பிரவுசர் புக்மார்க்குகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள்.
2. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். அளவு ஏறக்குறைய 3 ஜிபி.
3. அந்தக் கோப்பு குறையின்றி இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். செவன்-ஜிப் செயலி இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தாலே கணக்கிட்டுத் தரும். நிறுவல் பாதியில் நின்றுபோவதற்குக் குறையாக இறங்கிய கோப்பு ஒரு முக்கியக் காரணம். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.
4. 8 ஜிபி பென்டிரைவைச் செருகி, ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் செயலியில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். எந்த முறையில் எழுதுவது என்று கேட்டால் ஐஎஸ்ஓ முறையையே தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து கணினி பூட் ஆகாவிட்டால் (தொடங்காவிட்டால்) டிடி முறையில் மீண்டும் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பது முழுவதும் அழியும்.

நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

பென்டிரைவைச் செருகியபடி கணினியை இயக்கியதும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸில் பெரும்பாலும் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்2 அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்க வேண்டும். அங்கீகரிக்கப்படாத இயங்குதளத்தைத் தடுக்கும் செக்யூர் பூட் பிழை காட்டினால் அதையும் பயாஸிலேயே அணைத்துவிடலாம்.

இப்போது மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும். டிஸ்க்கில் எதுவும் மாறியிருக்காது. வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை தெரியாவிட்டால் அது பிராட்காம் சில்லாக இருக்க வாய்ப்பு அதிகம். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வரும். நிறுவிய பின் டிரைவர் மேனேஜர் வழியாக உரிய டிரைவரை ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கையே வைத்துக்கொள்வதாக இருந்தால், மெனுவில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), பென்டிங் செக்டர் (கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் உள்ளவை) இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். பென்டிங் எண் ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கில் எதையும் நிறுவுவது வீண் வேலை.

நிறுவல்

திரையில் உள்ள இன்ஸ்டால் படத்தை இருமுறை சொடுக்குங்கள். மொழி, விசைப்பலகை முடிந்ததும் பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக்குகளைச் சேர்க்கவா என்று கேட்கும், டிக் செய்யுங்கள். பிறகு "எரேஸ் டிஸ்க்" தெரிவு. இதோடு விண்டோஸ் போய்விடும். பழைய சிறிய டிஸ்க்கில் இரண்டையும் வைத்து அல்லாடுவதைவிட இதுவே நிம்மதி. சரியான டிஸ்க்தானா என்பதை அதன் ஜிபி அளவை வைத்து உறுதிசெய்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துங்கள்.

டிஸ்க்கே பட்டியலில் வரவில்லையா? பயாஸில் சாட்டா முறை ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும்.

முதல் நாள் வேலைகள்

அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். பின்னால் ஏதாவது கெட்டால் இன்றைய நிலைக்குத் திரும்ப, டைம்ஷிஃப்ட் செயலியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்பில் புளூடூத், பிரின்டர் போல உங்களுக்குத் தேவைப்படாதவற்றை அணையுங்கள். கிராபிக்ஸ் மிகப் பழையது என்றால் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் திரை அலங்காரங்களைக் காட்டும் கம்பாசிட்டரையும் நிறுத்திவிடலாம்.

எல்லாத் தளங்களும் சான்றிதழ் பிழை காட்டினால் கணினியின் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பின்னோக்கிப் போனால் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பல மாடல்களில் அது சிஆர்2032 வகை.

இனி ராமை அதிகம் தின்னப்போவது பிரவுசர்தான். ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியைச் சேருங்கள். விளம்பரங்கள் போனாலே பக்கங்கள் லேசாகும். யூடியூப் திக்கினால் அதற்கும் காரணம் உண்டு. அது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. 7-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சில்லுகளின் கிராபிக்ஸ் பகுதியில் அவற்றை முழுமையாகப் பிரிக்கும் வசதி இல்லாததால் சுமை முழுக்க ப்ராசஸர் மேல் விழுகிறது. எச்264 வடிவத்தையே கேட்டு வாங்கும் நீட்சி ஒன்றைச் சேர்த்து, தரத்தை 720-க்கு இறக்குங்கள். அப்போதும் பத்து நிமிடம் கழித்து விசிறி அலறி வேகம் குறைந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. விசிறியைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.