கேனுலா தட்டுப்பாடு: கோளாறு பெட்டிக்குள் இருந்தது

பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனை ஸ்டோரில் வேலை செய்கிறேன். டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாயான நீல நிற 22ஜி அளவு கேனுலா கணினிக் கணக்கில் தாராளமாக இருந்தது. ஆனாலும் வார்டிலிருந்து மிஸ்ஸி (நர்ஸ்) போன் செய்வார்: "தம்பி, கேட்டதில் பாதிதான் வந்திருக்கு."

பெட்டிகளை மறுபடி எண்ணினோம், கணக்கு சரி. வழியில் காணாமல் போகிறதோ என்று பெட்டிகளுக்கு சீல் வைத்து அனுப்பினோம். பயனில்லை. ஆர்டரையும், சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டர் சீட்டான டி.ஓ.வையும் ஒப்பிட்டோம், அதுவும் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி? எல்லாமே பெட்டிக் கணக்கு.

அப்புறம் பழைய பெட்டியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவும் அட்டைப்படமும் ஒன்றே. லாட் எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் மட்டும் பழையதில் 100, புதியதில் 50. கணினியோ ஒரு பெட்டியை இன்னும் 100 என்றே பெருக்கிக்கொண்டிருந்தது.

கணக்கின் அலகை 'பீஸ்' என்று மாற்றினோம். ஆர்டரிலும் பீஸ் எண்ணிக்கையே எழுதுகிறோம். சரக்கு இறங்கியதும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை டி.ஓ.வில் குறித்த பிறகுதான் கையெழுத்து. தட்டுப்பாடு நின்றது, பெரிய நிம்மதி.

விலைப்புள்ளிகளையும் இப்போது ஒரு பீஸுக்கு என்ன விலை என்றுதான் ஒப்பிடுகிறோம். பெட்டி விலையில் மலிவாகத் தெரிந்த சில, அப்படிப் பார்த்தால் விலை கூடுதல்.