பறவைக் காய்ச்சல் ஆன்டிபாடி பரிசோதனை: வாத்து முதல் மனிதர் வரை

பறவைக் காய்ச்சல் இப்போது இருக்கிறதா என்று பார்க்க, வைரஸின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனை போதும். எப்போதாவது வந்து போயிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், வைரஸ் போன பிறகும் ரத்தத்தில் தங்கியிருக்கும் ஆன்டிபாடியை, அதாவது அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய புரதத்தை, தேட வேண்டும். எல்லா உயிரினத்துக்கும் ஒரே பரிசோதனை ஒத்துவராது. ஆரம்பத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

படி 1: யாரிடம் தேடுவது?

தடுப்பூசி போடாத கோழிகளைக் கொடிய வகை எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் தாக்கினால், ஆன்டிபாடி உருவாகும் முன்பே பெரும்பாலானவை செத்துவிடும். அங்கே சீரம் (ரத்தம் உறைந்த பின் தெளியும் நீர்) சேகரித்துப் பெரிய பயனில்லை. வாத்துகள், காட்டு நீர்ப்பறவைகள், கறவை மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தடயம் அவற்றிடம்தான் கிடைக்கும். தடுப்பூசி போட்ட மந்தையா என்று முதலிலேயே கேட்டுக் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் ஊசியால் வந்த ஆன்டிபாடியைத் தொற்று என்று எண்ணிவிடுவீர்கள்.

படி 2: மாதிரி

பறவைக்கு இறக்கை ரத்தக்குழாயில் ரத்தம் எடுப்பது வழக்கம். குழாயைக் குலுக்காமல் உறைய விட்டு, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, குளிரில் வையுங்கள். முட்டை மஞ்சள் கருவிலும் பசும்பாலிலும்கூட ஆன்டிபாடி இருக்கும். மனிதர்களுக்கு முடிந்தால் இரண்டு மாதிரி: நோய் தொடங்கியதும் ஒன்று, 3 அல்லது 4 வாரம் கழித்து இன்னொன்று.

படி 3: எலைசாவில் சலித்தெடுப்பது

எலைசா என்பது ஆன்டிபாடியை நிற மாற்றத்தால் காட்டும் பரிசோதனை. அதில் போட்டி எலைசா கிட், பறவைக் காய்ச்சல் உட்பட எல்லா ஏ வகை இன்ஃபுளுயென்சாவுக்கும் பொதுவான நியூக்ளியோ புரதத்தைக் குறிவைக்கிறது. சீரத்தில் உள்ள ஆன்டிபாடி, கிட்டில் உள்ள ஆன்டிபாடியோடு இடத்துக்குப் போட்டி போடும். அதனால் வாத்தோ மாடோ, ஒரே கிட் போதும். ஒன்று கவனியுங்கள்: இங்கே நிறம் குறைந்தால்தான் பாசிட்டிவ். மற்ற எலைசாக்களில் பழகியவர்கள் குப்புற விழும் இடம் இது.

மனிதருக்கும் பன்றிக்கும் இந்த கிட் வீண். சாதாரண ஃப்ளூ வந்தவர்கள் எல்லோருமே பாசிட்டிவ் காட்டுவார்கள்.

படி 4: எச்.ஐ. (ஒட்டல் தடுப்பு) பரிசோதனை

எந்த வகை, எச்5ஆ எச்7ஆ, என்பது இதில் தெரியும். இன்ஃபுளுயென்சா வைரஸ் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஆன்டிபாடி இருந்தால் அது வைரஸைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டல் நடக்காது. அவ்வளவுதான் சங்கதி.

அடி கூரான 96 குழி பிளேட்டில் குழிக்கு 25 மைக்ரோலிட்டர் உப்புக் கரைசல் விடுங்கள். முதல் குழியில் அதே அளவு சீரம் சேர்த்து, குழிக்குக் குழி பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். எல்லாவற்றிலும் 4 அலகு ஆன்டிஜென் (செயலிழக்கச் செய்த வைரஸ்), அறை வெப்பநிலையில் அரை மணி நேரம். அப்புறம் 1 சதவீதக் கோழிச் சிவப்பணு. சுமார் 40 நிமிடம் கழித்துப் பிளேட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஆன்டிபாடி உள்ள குழியில் சிவப்பணுக்கள் அடியில் பொட்டாகத் திரண்டு, சாய்த்ததும் நீண்டு வழியும். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், வைரஸ் இல்லாத கட்டுப்பாட்டுக் குழியில் வழியும் அதே வேகத்தில் வழிந்தால்தான் கணக்கு. ஆன்டிபாடி இல்லாத குழியில் சிவப்பணுக்கள் படலமாக அசையாமல் நிற்கும். பறவைகளுக்கு 1/16, அதாவது நான்காவது குழி வரை வழிந்தால், பாசிட்டிவ்.

கோழி அல்லாத பறவைகளின் சீரமே சில நேரம் கோழிச் சிவப்பணுக்களை ஒட்டவைத்துவிடும். அதைக் கோழிச் சிவப்பணுக்களோடு கலந்து வைத்து, தெளிந்ததை எடுத்த பிறகு சோதியுங்கள். ஆன்டிஜென் இப்போது சுற்றும் வைரஸுக்கு நெருக்கமானதாக இருக்கட்டும். பழையதாக இருந்தால் உண்மையான பாசிட்டிவ் தப்பிவிடும்.

படி 5: மனிதர்

மனித சீரத்தை ஆர்.டி.இ. என்ற நொதியோடு 37 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து, பிறகு 56 டிகிரியில் சூடாக்க வேண்டும். கோழிக்குப் பதில் குதிரைச் சிவப்பணு. பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரை அமைப்பு அதில் அதிகம்.

நம்பகமானது மைக்ரோ நியூட்ரலைசேஷன்: சீரம் வைரஸை முடக்குகிறதா என்று செல்களில் பார்ப்பது. உயிருள்ள எச்5என்1 தேவைப்படுவதால் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டும்; தொடக்கநிலையாளர் தொட வேண்டாம். இணை மாதிரிகளில் டைட்டர் (எவ்வளவு நீர்த்தாலும் ஆன்டிபாடி வேலை செய்கிறது என்ற அளவு) 4 மடங்கு ஏறியிருந்தால் வலுவான சான்று. ஒரே மாதிரிதான் கிடைத்தது என்றால், உலக சுகாதார அமைப்பின் எச்5என்1 வரையறைப்படி 1:80 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், வேறொரு பரிசோதனையும் பாசிட்டிவ் ஆக வேண்டும்.

2024இல் அமெரிக்காவின் மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் 115 பால்பண்ணைத் தொழிலாளர்களைச் சோதித்ததில் 8 பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. உடம்பு சரியில்லாமல் போனதாகச் சொன்னவர்கள் அதில் 4 பேர்தான். மற்றவர்களை ரத்தம் மட்டுமே காட்டிக்கொடுத்தது.