வியர்த்துக் கொட்டும் குழந்தைக்குத் துய்நா: கதவைத் திறக்கிறோமா, அடைக்கிறோமா?

சீன மருத்துவத்தில் குழந்தைகளுக்கென்றே தனியாக வளர்ந்த கை வைத்தியம் துய்நா. 'துய்' என்றால் தள்ளுவது, 'நா' என்றால் பிடிப்பது. மிங் பேரரசுக் காலத்தில், 1601இல் வெளியான ஊசி மருத்துவத் தொகுப்பு ஒன்றிலேயே குழந்தைகளுக்கான பகுதி இதற்கு இருக்கிறது. இதில் தேய்க்கும், தள்ளும், அழுத்தும் இடங்களில் பாதிக்கு மேல் முழங்கைக்குக் கீழேதான். சில இடங்கள் புள்ளி, சில கோடு, சில ஒரு விரல் பரப்பு முழுவதும்.

அதிகம் வியர்க்கும் குழந்தைக்கு வீட்டில் துய்நா செய்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்று உண்டு. சளிக்காகக் கற்றுக்கொண்ட அதே வரிசையை வியர்வைக்கும் செய்துவிடுவது. இரு புருவங்களுக்கு நடுவிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை கட்டை விரல்களால் மாறி மாறி மேலே தள்ளும் 'வான வாசல் திறப்பு' பலருக்கும் தெரிந்த முதல் பாடம். ஆனால் அது உடலின் மேற்புறத்தைத் திறந்து வியர்வையை வெளியே விடும் 'கை', அதாவது கைமுறை. உடல் தளர்ந்து அதிகம் வியர்க்கும் குழந்தைக்கு அதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று பாடநூல்களே சொல்கின்றன. புறங்கையில் நடுவிரல் அடிமூட்டின் இரு பக்கமும் உள்ள பள்ளங்களுக்கு 'இரட்டைக் கதவு' என்று பெயர். வியர்வை வரவழைக்கவே அதை அழுத்துவார்கள். ஏற்கெனவே சட்டை நனைந்து நிற்கும் பிள்ளைக்கு இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். இஞ்சிச் சாறு தொட்டுத் தேய்ப்பதும் இதே வகைதான். அது குளிர் பிடித்த பிள்ளைக்கு உரியது.

இதற்கு நேர் எதிர்த் தவறும் இருக்கிறது. காய்ச்சலோடு வியர்க்கும்போது வியர்வையை அடக்கும் கையைச் செய்வது. நோய் என்ற கள்வனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவது என்பார்கள் சீன வைத்தியர்கள். காய்ச்சல் விட்டுச் சில நாள் கழியும் வரை அந்தக் கையைத் தொட வேண்டாம்.

எப்போது வியர்க்கிறது என்று பாராமல் தொடங்குவது

தூங்கி முதல் ஒன்றிரண்டு மணி நேரம் தலை நனைவது பெரும்பாலான சிறு குழந்தைகளுக்கு இயல்பு. சாப்பாடும் விளையாட்டும் எடையும் சரியாக இருந்தால் அதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம்.

அதற்கு மேல் வியர்த்தால், சீன மரபு மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்த்து, முகம் வெளுத்து, அடிக்கடி சளி பிடித்தால் அது 'தானாக வரும் வியர்வை'. தூங்கும்போது வந்து விழித்ததும் நின்றுபோவது 'திருட்டு வியர்வை'. உள்ளங்கை, உள்ளங்கால் சூடாகவும் நாக்கு சிவந்தும் இருக்கும். மூன்றாவதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: இரவுச் சாப்பாடு செரிக்காமல் வரும் வியர்வை. வாய் நாற்றம், நாக்கில் தடித்த மாவு, இறுகிய மலம், புரண்டு புரண்டு படுப்பது ஆகியவை அதன் அடையாளம். இந்தப் பிள்ளைக்குப் பலம் ஏற்றும் கைகளைச் செய்தால் வயிறு இன்னும் மந்தமாகும். கட்டை விரலடி மேட்டை 200 முறை வட்டமாகப் பிசைந்து, இரவுச் சாப்பாட்டைக் குறைத்து முன்னதாகக் கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

இடமும் அழுத்தமும்

வியர்வையை அடக்கும் முக்கிய இடம் 'ஷென் திங்'. அது சுண்டு விரலின் நுனி உச்சி. பலர் சுண்டு விரலின் சதைப் பகுதியைத் தேய்க்கிறார்கள். அது சிறுநீரகத்துக்கு உரியது என்று மரபு சொல்லும் கோடு, வேறு இடம், வேறு வேலை. நுனியில் உங்கள் விரலை வைத்து, தோலின் மேல் வழுக்காமல், தோலோடு சேர்த்துச் சிறு வட்டமாக 300 முறை பிசைய வேண்டும்.

பகல் வியர்வைக்கு இதோடு கட்டை விரலை லேசாக மடக்கி அதன் வெளி ஓரத்தில் நுனியிலிருந்து அடிவரை 300 முறை தள்ளுவது (மண்ணீரல்), மோதிர விரல் சதையில் வட்டமாக 200 முறை தேய்ப்பது (நுரையீரல்). திருட்டு வியர்வைக்குச் சுண்டு விரல் சதையில் வட்டமாக 200, புறங்கையில் மோதிர விரல் எலும்புக்கும் சுண்டு விரல் எலும்புக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் 200, உள்ளங்கால் குழியில் 100. வட்டமாகத் தேய்த்தால் பலம் ஏற்றும், நேர்கோடாகத் தள்ளினால் சூட்டை இறக்கும் என்பது பொதுக் கணக்கு; கட்டை விரலை மடக்கித் தள்ளும் மண்ணீரல் கோடு மட்டும் இதற்கு விலக்கு. நேர்கோட்டின் திசையில் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு. இரண்டு ஆசிரியர்களின் முறையைக் கலக்காமல் ஒருவரைப் பின்பற்றுங்கள்.

மரபாக இடக்கையில் செய்வார்கள். அழுத்திச் செய்தால் நல்ல பலன் என்று நினைப்பது தவறு. தோல் சிவக்கவோ குழியவோ கூடாது. லேசாக, வேகமாக, சீராக, நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வழுக்கலுக்கு டால்கம் பவுடரைத் தூவாதீர்கள், அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போகும். சில துளி எண்ணெய் போதும்.

முதுகுத் தோலைப் பிடித்து உருட்டும் முறை பகல் வியர்வைக்கு நல்ல துணை. வால் எலும்பில் தொடங்கிப் பிடரியில் துருத்தும் எலும்பு வரை, கீழிருந்து மேலாக 3 முதல் 5 தடவை. இதைப் படுக்கப் போகும் நேரத்தில் செய்தால் பிள்ளை கிளர்ந்துபோய்த் தூக்கம் கெடும். காலையில் வெறும் வயிற்றில் செய்வதே சரி. நுனி விரலால் மெல்லிய தோலைக் கிள்ளினால் வலிக்கும், மறுநாள் பிள்ளை முதுகைக் காட்டாது. தோலோடு சிறிது சதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். புண், சொறி, காயம் உள்ள இடத்தில் எந்தக் கையும் கூடாது.

வீட்டுப் பழக்கம்

குழந்தை நலமாக இருக்க மூன்று பங்கு பசியும் மூன்று பங்கு குளிரும் வேண்டும் என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்லிக்கொண்டே நாலு சட்டை போட்டுவிடுகிறார்கள். குளிர்காலத்தில் கைக்குழந்தையை அளவுக்கு மீறிப் போர்த்தி, உடல் சூடேறி உயிருக்கே ஆபத்தாவது சீன மருத்துவமனைகள் நன்கறிந்த அவசர நிலை. உள்ளங்கை சில்லென்று இருக்கிறதே என்று துணி கூட்டாதீர்கள்; பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் துணி போதும்.

விளையாடும் பிள்ளையின் முதுகுக்கும் சட்டைக்கும் நடுவே பருத்தித் துணி வைப்பது அங்கே வழக்கம். நல்ல வழக்கம்தான், நனைந்ததும் உருவிவிட்டால். ஈரத்தோடு ஏசிக் காற்றில் உட்காரவைத்தால் சளிதான் மிச்சம்.

தூக்கத்தில் வியர்த்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று தாங்களாகவே கால்சியம் கொடுப்பது சீனாவில் வேரூன்றிய நம்பிக்கை. வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு நோயிலும் வியர்க்கும் என்பது உண்மை, ஆனால் வியர்வையை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. ஹுவாங் சீ போன்ற வேர் மருந்துகளையும் வைத்தியர் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். உணவாகக் கொடுக்க, தண்ணீரில் மிதக்கும் சாவிக் கோதுமை 10 கிராமும் கொட்டை நீக்கிய 3 சிவப்பு இலந்தையும் கொதிக்கவைத்த நீர் உண்டு. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத்தான், கோதுமை ஒவ்வாத பிள்ளைக்குக் கூடாது.

எடை குறைதல், விடாத காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கழுத்தில் கட்டி, இவற்றோடு இரவில் படுக்கை நனைந்தால் காசநோய் உட்பட எல்லாவற்றையும் மருத்துவர் சோதிக்க வேண்டும். பால் குடிக்கும்போதே கைக்குழந்தை வியர்த்து மூச்சு வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த வியர்வையோடு நடுக்கமும் சோர்வும் வந்தால் உடனே மருத்துவமனை. இவை எதற்கும் துய்நா மாற்று இல்லை.

மற்றபடி நாளுக்கு ஒரு முறை, ஏழு நாள் செய்து இரண்டு நாள் விடுங்கள். இப்படி இரண்டு சுற்று முடிந்தும் தலையணை அதே அளவு நனைந்தால், எண்ணிக்கையைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு, எந்த நேரத்தில் எவ்வளவு வியர்த்தது என்று எழுதிவைத்த தாளோடு மருத்துவரிடம் போங்கள்.