முட்டுக்காடு போகிறீர்களா? கிழமையைப் பாருங்கள்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போது தெரிகிற நீர்ப்பரப்புதான் கோவளம் கழிமுகம். பக்கிங்காம் கால்வாயும் இங்கேதான் கலக்கிறது. படகுத்துறையோடு திரும்பிவிடாமல் ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். ஆனால் கிழமை முக்கியம். பக்கத்திலிருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள். அந்த இரண்டு நாளையும் விட்டுவிடுங்கள். சனி, ஞாயிறில் படகுக்கு வரிசை நீளும் என்பதால் புதன் அல்லது வியாழன்தான் என் தேர்வு.

காலையில் முதலில் தட்சிணசித்ரா. 1996இல் திறந்த இடம். செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அவசரமாகப் பார்த்தால் காசு வீண், மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெயில் தாழ்ந்ததும் படகு. அப்புறம் கோவளம் தர்கா, மாதா கோயில், கடற்கரை.

முகத்துவாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். கோடையில் மணல் திட்டு சேர்ந்து வாய் அடைபடும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். திறந்திருக்கும்போது, குறிப்பாகக் கடல் நீர் இறங்குகிற வற்றம் நேரத்தில், தண்ணீர் கடலை நோக்கி வேகமாக இழுக்கும். முழங்கால் அளவுதானே என்று பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். பறவை பார்க்க வருபவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பியும்.