குழந்தை ஊட்டச்சத்து கவுன்சலிங் உண்மையிலேயே நடக்குதான்னு எப்படி பாக்குறது?

இந்த ஆலோசனை குடுக்கற சென்டர்கள மேற்பார்வை பாக்குறவங்களுக்கு சொல்றேன், மாசாமாசம் ரிப்போர்ட்ல "இத்தன பேருக்கு ஆலோசனை குடுத்தாச்சு"ன்னு ஒரு நம்பர் வரும்ல, அத மட்டும் வச்சுக்கிட்டு சர்வீஸ் நல்லா போகுதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்த மாசம் ரெண்டு வயசுக்குள்ள குழந்தையோட சென்டருக்கு வந்தவங்க மொத்தம் எத்தன பேர்னு முதல்ல கேளுங்க, அது தெரியாம மேல இருக்க நம்பருக்கு அர்த்தமே கெடயாது. அதோட ஒரே அம்மா மூணு தடவ வந்தா மூணு பேரா கணக்குல ஏறிடும், ஆள் தனி விசிட் தனின்னு எழுத சொல்லுங்க.

ரிஜிஸ்டர கைல வாங்கி பாருங்க. பக்கம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வுல வரிசையா டிக் இருந்துச்சுன்னா மாசக் கடைசியில மொத்தமா உக்காந்து போட்டதா இருக்கும். உடனே ஊழியர திட்டாதீங்க, அவங்க நிரப்புற ஃபார்ம்ல பாதிய குறைச்சாலே டேட்டா ஒழுங்கா வரும்ங்கறது என் அபிப்பிராயம்.

அடுத்து நேர்ல உக்காந்து கவனிக்கணும், இதுக்குதான் அதிக நேரம் ஒதுக்கணும். வளர்ச்சி அட்டைல எடைக்கு புள்ளி வச்சு போன தடவ புள்ளியோட சேத்து கோடு போட்டு அம்மாகிட்ட காட்டினாங்களா, அட்வைஸ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "நேத்து குழந்தைக்கு என்னென்ன குடுத்தீங்க"ன்னு கேட்டாங்களா, வயசுக்கு ஏத்தத சொன்னாங்களான்னு பாருங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றது 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அப்புறம் தாய்ப்பாலோட 6-8 மாசத்துல நாளைக்கு 2-3 வேளை, 9 மாசத்துலேர்ந்து 3-4 வேளை சாப்பாடு. 7 மாசக் குழந்தையோட அம்மாகிட்ட தாய்ப்பால் பெருமைய மட்டும் பேசி அனுப்பினா அது கவுன்சலிங்ல சேத்தி இல்ல.

ஆனா நீங்க பக்கத்துல இருந்தா யாருமே நல்லாதான் பேசுவாங்க, அதனால வெளிய வர்ற அம்மாக்கள்ல சிலர தனியா நிறுத்தி கேளுங்க. "ஆலோசனை சொன்னாங்களா"ன்னு கேட்டா ஆமான்னுதான் பதில் வரும், "இன்னிக்கு என்ன சொன்னாங்க, வீட்ல எத மாத்த போறீங்க"ன்னு கேட்டுப்பாருங்க, விஷயம் வெளிய வந்துடும்.

6 மாசத்துலேர்ந்து 5 வயசுக்குள்ள குழந்தைக்கு மேல்கையோட நடுப்பகுதி சுற்றளவு 115 மில்லிமீட்டருக்கு கீழ இருந்தா பேச்சு மட்டும் பத்தாது, சிகிச்சைக்கு அனுப்பினாங்களா, அந்தக் குழந்தை அங்க போய் சேந்துச்சான்னு ரெண்டு இடத்து ரிஜிஸ்டரையும் ஒப்பிட்டு பாருங்க.

பலன் தெரியணும்னா 6-23 மாசக் குழந்தைங்க உணவ 8 பிரிவா பிரிச்சதுல நேத்து குறைஞ்சது 5 பிரிவுலேர்ந்து சாப்ட்டாங்களான்னு பாக்கலாம் (தாய்ப்பாலும் அதுல ஒண்ணு). அது குறைவா இருந்தா பழிய ஊழியர் மேல மட்டும் போடாதீங்க, வாங்க வசதியில்லாத வீட்ல எவ்ளோ நல்லா பேசினாலும் தட்டு மாறாது.

கண்டுபிடிச்சத அன்னிக்கே அந்த ஊழியர்கிட்ட தனியா உக்காந்து சொல்லுங்க, ஒண்ணு ரெண்டு விஷயம் போதும், அடுத்த விசிட்ல முதல்ல அதத்தான் பாக்கணும்.