4.5 கிகாஹெர்ட்ஸுக்கு எத்தனை வோல்ட்?

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், பிற்பகலில் என் அறை 31 டிகிரிக்குக் குறைவதில்லை. அங்கேதான் என் பழைய கணினியின் மையச் சில்லான இன்டெல் ஐ5-2500கே-யின் வேகத்தை 3.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5-க்கு ஏற்றினேன்.

சில்லின் வேகத்தை முடிவுசெய்யும் பெருக்கியை 45 என மாற்றிவிட்டு மின்னழுத்தத்தை 'ஆட்டோ'விலேயே விட்டேன். அதுதான் பிழை. மதர்போர்டு தேவைக்கு மீறி 1.41 வோல்ட் கொடுத்தது. சில்லுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள் ஓடிய பத்தாம் நிமிடத்தில் வெப்பம் 92 டிகிரி! உடனே நிறுத்திவிட்டேன்.

பிறகு நானே 1.25 வோல்ட் வைத்தேன், கணினி செயலிழந்து நீலத்திரை வந்தது. ஒவ்வொரு முறையும் 0.01 மட்டும் ஏற்றினேன். 1.28-இல் இரவு முழுவதும் ஓடியது. மகிழ்ச்சியோடு தூங்கினேன். மறுநாள் பிற்பகல் மீண்டும் நீலத்திரை. இரவில் ஏர்கான் ஓடியதை மறந்திருந்தேன்! சில்லு சூடேறினால் அதே வேகத்துக்குச் சற்றுக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கிறது. நம் ஊரில் ஏர்கானை அணைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று: பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) வைக்கும் எண் வேறு, சுமையின்போது சில்லுக்குக் கிடைப்பது வேறு. 1.30 வைத்தால், சில்லின் நிலையைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1.27 காட்டியது. சுமையின்போது மின்னழுத்தம் இறங்குவதை ஈடுகட்டும் லோடு-லைன் அமைப்பை நடுத்தர அளவுக்கு உயர்த்தியதும் 1.29-இல் நின்றது. அதன் உச்ச நிலையை நான் தொடமாட்டேன். சுமை இறங்கும் நொடியில் மின்னழுத்தம் எகிறிவிடும்.

அதே வேகத்தில் சில்லின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 1.41-இலிருந்து 1.29-க்கு இறங்கியதே ஏறத்தாழ 16 விழுக்காடு மிச்சம். இப்போது உச்ச வெப்பம் 79 டிகிரி, ஏர்கான் இல்லாமலே.